மே மாதத்தில் வந்த பதவி உயர்வு

வன்னியில், கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம், நெல் வெட்டும் மெசினும் உழவு இயந்திரமும் திருத்தும் ஆட்களில் நான் பழகிய பலரிடம் இரண்டு கடதாசிகள் இருப்பதில்லை. ஒன்று, தொழில் படித்ததற்கான சான்றிதழ். மற்றது, வேலையில் சேர்ந்த அன்றே கையில் கிடைத்திருக்க வேண்டிய நியமனக் கடிதம். தொழில் மட்டும் இருக்கிறது. மாசி மாதம், இரவு பதினொரு மணி, வட்டக்கச்சி வயலுக்குள் மெசின் நின்றுவிட்டது, மேற்கே மழை இருட்டுகிறது என்றால், மெசின்காரன் முதலில் யாருக்குத் தொலைபேசி எடுக்கிறான்? அந்த ஆள்தான் அந்தப் பகுதியின் மூத்த தொழினுட்பவியலாளர். அதை எந்தக் கடிதத்திலும் யாரும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

அப்படி ஒருவர் கடந்த மே மாதம் ஒரு கடிதத்துடன் என் வீட்டுக்கு வந்தார். பரந்தன் பக்கத்தில் 18 பேர் வேலை செய்யும் ஒரு கராச்சில் 16 வருடமாக நிற்பவர். வயது 43. "அக்கா, இதை ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ. பிரமோசன் எண்டு முதலாளி தந்தவர். வீட்டில எல்லாருக்கும் சந்தோசம். எனக்கெண்டால் ஒண்டும் விளங்கேல்லை" என்றார். நான் இருபது வருடத்துக்கு மேலாகச் சம்பளப் புத்தகம் எழுதியவள் என்பதால் இப்படிக் கடிதங்கள் என்னிடம் வருவது வழக்கம். அன்றிரவு அவருடைய 12 மாதச் சம்பளச் சிட்டைகளையும் வாங்கி வைத்து, அவருக்கு முன்னால் இருந்த வழிகளை ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்த்தேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன், அவருடைய சம்மதத்துடன். அடையாளம் தெரியாதபடி தொகைகளைச் சற்று மாற்றியிருக்கிறேன். ஒன்றுக்கொன்று உள்ள விகிதத்தை மாற்றவில்லை.

முதலாவது வழி: இருக்கிற இடத்தில் புதிய பெயர்

கடிதத்தில் இருந்தது இதுதான். இனிமேல் அவர் "சிரேஷ்ட தொழினுட்ப மேற்பார்வையாளர்". மாதம் 7,000 ரூபா "பதவிக் கொடுப்பனவு". பொறுப்பான பதவி என்பதால் மேலதிக நேரக் கொடுப்பனவு கிடையாது. கீழே முதலாளியின் கையெழுத்து, பச்சை மையில்.

அவர் அதுவரை வாங்கி வந்தது: அடிப்படைச் சம்பளம் 45,000. நிலையான கொடுப்பனவுகள் 15,000. அதற்கு மேல் ஓவர்டைம். அந்தக் கராச்சில் அடிப்படையை 240 ஆல் பிரித்து ஒரு மணித்தியாலச் சம்பளத்தை எடுத்து, அதன் ஒன்றரை மடங்கை மேலதிக மணித்தியாலத்துக்குக் கொடுக்கிறார்கள். இவருக்கு அது 281 ரூபா 25 சதம்.

இப்போது வன்னியின் வருடத்தைப் பாருங்கள். காலபோக வெட்டு மாசி, பங்குனியில் உச்சம். சிறுபோக வெட்டு ஓகஸ்ட், செப்டெம்பர். அந்த நான்கு மாதமும் இவர் மாதம் 80 மணித்தியாலம் மேலதிகமாக நின்றிருக்கிறார்: 22,500 ரூபா. மற்ற எட்டு மாதமும் 20 மணித்தியாலம்தான்: 5,625 ரூபா. ஆக, வெட்டு மாதத்தில் கைக்கு வரும் மொத்தம் 82,500. சும்மா மாதத்தில் 65,625.

புதிய கடிதத்தின்படி எல்லா மாதமும் 67,000.

மே மாதச் சிட்டைக்குப் பக்கத்தில் அந்தக் கடிதத்தை வைத்துப் பார்த்தால் 1,375 ரூபா கூடியிருக்கிறது. பெயரும் உயர்ந்திருக்கிறது. வீட்டில் சந்தோசப்பட்டதில் பிழையில்லை. ஆனால் ஓகஸ்ட் வந்ததும் மாதத்துக்கு 15,500 குறையும். எட்டு மாதத்தில் வரும் இலாபம் 11,000. நான்கு மாதத்தில் போகும் நட்டம் 62,000. வருடக் கணக்கில் அந்தப் பதவி உயர்வின் விலை 51,000 ரூபா, அதுவும் அவர் கொடுக்கிற விலை. இதே கடிதம் பங்குனியில் வந்திருந்தால் அவரே ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார். பருவத்தோடு ஏறி இறங்கும் சம்பளம் வாங்குகிறவர்கள் எந்தப் புதிய தொகையையும் ஒரு மாதச் சிட்டையோடு ஒப்பிடவே கூடாது. 12 மாதத்தையும் கூட்டி 12 ஆல் பிரியுங்கள். இவருக்கு அப்படி வந்த சராசரி 71,250. இனி வருகிற ஒவ்வொரு வழியையும் அந்த எண்ணோடுதான் நிறுத்துப் பார்த்தேன்.

முதலாளி வேண்டுமென்று செய்தாரா என்று பலர் கேட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இவரை இழந்துவிடக் கூடாது, மரியாதை கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. ஓவர்டைம் கணக்கு எழுதுகிற தொல்லையும் ஒழியட்டும் என்று நினைத்திருப்பார். ஆனால் வேலை மாறவில்லை. அதே ஸ்பனர், அதே இரவு, அதே வயல். செய்யும் வேலை மாறாமல் பெயரை மட்டும் மாற்றி மேலதிக நேரத்தை நிறுத்தினால், அதைப் பற்றித் தொழில் அலுவலகத்தில் கேட்க ஊழியருக்கு இடமுண்டு. நான் முதலாளிக்குச் சொல்லி அனுப்பியதும் அதுதான்.

இதைவிடப் பெரிய விசயம் அந்த 7,000 எந்தப் பெட்டிக்குள் வைக்கப்பட்டிருக்கிறது என்பது. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எங்கட ஆட்களுக்கு அதிகம் இழப்பு வருவது இங்கேதான்.

ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் கட்ட வேண்டும். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு முதலாளி மட்டும் 3 வீதம், 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி. மேலதிக நேரக் கொடுப்பனவு இந்தக் கணக்கில் சேராது. வாழ்க்கைச் செலவுப் படி, உணவின் பெறுமதி போன்றவை சட்டப்படி சேரும். நடைமுறையில் பல இடங்களில் "போக்குவரத்து", "தொலைபேசி", "பதவிக் கொடுப்பனவு" என்று ஏதாவது பெயர் வைத்து வெளியே தள்ளிவிட்டு, அடிப்படைக்கு மட்டும் கட்டுகிறார்கள். அந்த 7,000 அடிப்படையில் சேர்ந்திருந்தால் முதலாளியின் பங்காக மட்டும் மாதம் 1,050 ரூபா இரண்டு நிதிக்கும் போயிருக்கும். இவர் 55 வயதில் சேமலாப நிதியை எடுக்கலாம். இன்னும் 12 வருடம். வட்டியை விட்டுவிட்டுப் பார்த்தாலும் 151,200 ரூபா.

வேலையை விட்டு விலகும்போது கிடைக்கும் பணிக்கொடையில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, மாதச் சம்பளக்காரரானால், பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். எந்த மாதத்துச் சம்பளம்? கடைசியாக வாங்கியது. இந்த ஒரு சொல்லைத்தான் கவனிக்க வேண்டும். இன்றைக்கு அடிப்படையில் 7,000 கூடினால், அது இனி வரும் வருடங்களுக்கு மட்டும் கூடுவதில்லை. கழிந்துபோன 16 வருடத்துக்கும் சேர்த்துக் கூடுகிறது. 45,000 படி இவருடைய பணிக்கொடை 360,000. 52,000 ஆனால் 416,000. 56,000 ரூபா வித்தியாசம், ஒரு வரியை எந்தப் பெட்டியில் எழுதுவது என்பதில்.

இது எனக்கு வெறும் புத்தக அறிவாக வந்ததில்லை. முன்பு நான் வேலை செய்த ஓரிடத்தில், ஒன்பது வருடத்துக்குள் என் பதவிப் பெயர் மூன்று தடவை மாறியது. கடைசிப் பெயரில் "முகாமையாளர்" என்ற சொல்லும் இருந்தது. அடிப்படைச் சம்பளம் ஒரே ஒரு தடவைதான் அசைந்தது. மற்றதெல்லாம் கொடுப்பனவாகவே ஏறியது. விலகும்போது பணிக்கொடைக் கணக்கை நானே எழுத வேண்டியிருந்தது. ஒவ்வொரு மாதமும் நான் கையால் எழுதிய சிட்டைகளைத் திரும்பப் பார்த்தபோதுதான், எனக்கு எதிராக நானே என்ன எழுதி வந்திருக்கிறேன் என்பது விளங்கியது. அன்று அழுதேன். அதன் பிறகு யார் கடிதம் கொண்டுவந்தாலும் முதலில் அடிப்படை என்ற வரியைத்தான் தேடுகிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது, அவராகவே சொன்னது. இரண்டு வருடத்துக்கு முன் புதிதாகச் சேர்ந்த பெடியனுக்கு அந்தக் கராச்சில் 22,000 கொடுத்தார்கள். தேசிய குறைந்தபட்ச சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியில் 30,000 என்று சட்டத் திருத்தத்தால் ஏறியது. நல்ல விசயம், அந்தப் பெடியனுக்கு அது கட்டாயம் வேண்டியிருந்தது. ஆனால் இவருடைய 45,000 அப்படியே நின்றது. முன்பு புதியவருக்கும் இவருக்கும் இடையில் 23,000 இருந்தது. இப்போது 15,000. சட்டம் அடிமட்டத்தை உயர்த்தும். நடுவில் நிற்கிற அனுபவசாலியின் சம்பளத்தை யாரும் சட்டத்தால் உயர்த்துவதில்லை. அதை அவர் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்கிற நேரத்தில் முதலாளி நீட்டியது ஒரு பதவிப் பெயரை.

பெயருக்கு மதிப்பே இல்லையென்று சொல்ல வரவில்லை. மரியாதைக்கு ஏங்குவது குறையில்லை. 16 வருடம் "டேய் தம்பி, இங்க வா" என்று கூப்பிடப்பட்ட மனிதனுக்கு ஒரு பெயர்ப்பலகை எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்தப் பெயர் அவருக்குப் பொருந்துவதுமில்லை. மேற்பார்வை என்றால் வரவுப் புத்தகம், உதிரிப்பாகக் கணக்கு, பெடியளின் லீவுச் சண்டை. அவருடைய கை எஞ்சினில் இருக்க வேண்டியது. அதை எடுத்து மேசையில் வைத்தால் கராச் ஒரு நல்ல மெக்கானிக்கை இழந்து, ஒரு விருப்பமில்லாத எழுதுவினைஞரைப் பெறும். தொழிலில் உயர்வதற்கு ஒரு ஏணியும் ஆட்களை மேய்ப்பதற்கு வேறோர் ஏணியும் இருக்க வேண்டும். 18 பேர் உள்ள இடத்திலும் அதைச் செய்யலாம்: "முதல்தரத் தொழினுட்பவியலாளர்" என்று ஒரு படியை வைத்து, அதற்கு மேற்பார்வையாளருக்குச் சமமான அடிப்படையைக் கொடுத்தால் போதும்.

இரண்டாவது வழி: கம்பனியின் சேவைப் பிரிவு

கொழும்பைத் தலைமையகமாகக் கொண்ட ஓர் இயந்திர விற்பனைக் கம்பனி வன்னி முழுவதற்கும் சேவைக்கு ஆள் தேடியது. அவர்கள் சொன்ன தொகை 95,000. கேட்டதும் பெரிதாகத்தான் இருந்தது. பிரித்துப் பார்த்தால் அடிப்படை 60,000, மோட்டார் சைக்கிளுக்கும் எரிபொருளுக்கும் சேர்த்து 35,000.

வன்னியில் "முழுவதும்" என்ற சொல்லுக்குத் தூரம் அதிகம். கிளிநொச்சியிலிருந்து வவுனியா ஏ9 வீதியால் ஏறத்தாழ 75 கிலோமீற்றர். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு 50 கிலோமீற்றரைத் தாண்டும். துணுக்காய், மல்லாவி உட்பக்கம் போனால் வீதி நல்லதாக இருக்கும் இடமும் உண்டு, மழைக்குப் பிறகு சேறும் உண்டு. மாதம் 2,000 கிலோமீற்றர் ஓட வேண்டிவரும் என்று வைத்தோம். லீற்றருக்கு 40 ஓடினால் 50 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று பிடித்தால் 15,000. டயர், ஒயில், செயின், சில்லறைப் பழுது என்று இன்னும் 5,000. ஆக, 35,000இல் 20,000 வீதியில் போகிறது. மிஞ்சுவது 75,000. இப்போதைய சராசரியை விட 3,750 மட்டும் கூட.

ஆனால் அடிப்படை 60,000 என்பதை நான் குறைத்துப் பார்க்கவில்லை. முதலாளி பங்கு 15 வீதமும் இப்போது 6,750, அங்கே 9,000. மாதம் 2,250 கூட, அதுவும் கைக்குத் தெரியாமல் சேர்கிற காசு. இப்போதைய இடத்தை விட்டு விலகினால் 360,000 பணிக்கொடையும் 30 நாட்களுக்குள் கிடைக்க வேண்டும். புதிய இடத்தில் பணிக்கொடைக்கான சேவைக்காலம் பூச்சியத்திலிருந்து தொடங்கும். ஐந்து வருடத்துக்குள் விலகினால் ஒன்றும் இல்லை.

எனக்கு வலித்தது வேறு இடத்தில். அவர்களுடைய தர ஒழுங்கில் சான்றிதழ் இல்லாதவருக்கு "உதவித் தொழினுட்பவியலாளர்" என்ற படிதான். அவருக்கு மேலே டிப்ளோமா முடித்த 26 வயதுப் பெடியன். நேர்முகத்தில் அந்தப் பெடியனே இவரிடம் ஒரு ஹைட்ரோலிக் பழுதைப் பற்றி ஆலோசனை கேட்டிருக்கிறான். நல்ல பிள்ளை. அவனில் பிழை சொல்ல முடியாது. மடிக்கணினியைப் பொருத்திப் புது எஞ்சின்களின் பழுதுக் குறியீட்டைப் படிப்பது அவனுக்குத் தெரியும், இவருக்குத் தெரியாது. அதை இவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் ஒருவனுக்குத் தெரிந்ததைக் கடதாசி சொல்கிறது. மற்றவருக்குத் தெரிந்ததைச் சொல்ல ஒன்றும் இல்லை. தேசிய தொழிற்தகைமை நான்காம் மட்டச் சான்றிதழ் இருந்தால் உதவி என்ற சொல் போய், அடிப்படை 70,000 ஆகும் என்று கம்பனியிலேயே சொன்னார்கள். ஒரு சான்றிதழின் பெறுமதியை இவ்வளவு வெளிப்படையாக நான் முன்பு கேட்டதில்லை: மாதம் 10,000.

அந்தக் கடதாசி ஏன் இல்லை

அவர் தொழில் பழகத் தொடங்கியது 15 வயதில், புதுக்குடியிருப்பில் ஒரு கராச்சில். பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. துளிப் பெற்றோலைக் கொண்டு எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிட்ட காலம் அது. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினில் கரி எங்கே படியும், வால்வு எப்போது தேயும், ரிங் இல்லாவிட்டால் எதைத் திருத்தி ரிங்காக்கலாம் என்பதெல்லாம் அவருக்குப் பாடப்புத்தகமாக இருந்தது. 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகுதான் புதுச் சாமான்களைக் கண்ணால் கண்டார். அந்த இடைவெளியில் ஒரு பயிற்சி நெறி முடித்து ஒரு சான்றிதழும் எடுத்திருக்கிறார். 2009இல் போருக்குள் இடம்பெயர்ந்து கொண்டே போனபோது அது போன இடம் தெரியாது. பங்கருக்குள் நனைந்ததோ, மாத்தளன் பக்கம் விட்ட பையில் இருந்ததோ, தெரியாது. 2010இல் மீள்குடியேறி இந்தக் கராச்சில் சேர்ந்தபோது யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

வன்னியில் அனுபவசாலிகளின் சம்பளம் குறைவாக இருப்பதற்கு எங்கட சோம்பலோ முதலாளிகளின் கெட்ட மனமோ மாத்திரம் காரணம் என்று சொல்கிறவர்கள் இந்தப் பந்தியை இரண்டு தரம் வாசிக்க வேண்டும். கடதாசி எரிந்த இடத்தில் அனுபவமும் எரிந்ததாகக் கணக்கு வைக்கப்படுகிறது.

இதற்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. பலருக்குத் தெரியாமல் இருக்கிறது. தேசிய தொழிற்தகைமைக் கட்டமைப்பில் ஏழு மட்டங்கள். முதல் நான்கு தேசிய சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். வகுப்புக்குப் போகாமல், ஏற்கெனவே உள்ள திறமையைக் காட்டியே சான்றிதழ் பெறும் முறை அதற்குள் உண்டு. முன்கற்றலை அங்கீகரித்தல் என்பார்கள். நைற்றா என்று நாங்கள் கூப்பிடுகிற தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை இந்த மதிப்பீட்டைச் செய்கிறது. வேலை செய்த இடத்தின் கடிதம், செய்த வேலைகளின் படங்கள், குறிப்புகள் எல்லாவற்றையும் ஒரு கோப்பாக்கிக் கொடுத்து, மதிப்பீட்டாளருக்கு முன்னால் கழற்றிப் பூட்டிக் காட்ட வேண்டும். தொழிலின் திறன் நியமத்தில் உள்ள எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். ஏதாவது குறைந்தால் அந்தப் பகுதியை மட்டும் படித்துவிட்டு வரலாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் கண்ணெதிரே இருக்கிறது. மின்னணுப் பக்கம் அவருக்குள்ள குறையை நிரப்புவதற்கு யாழ்ப்பாணமோ கொழும்போ போகத் தேவையில்லை.

இது ஒரு தனி வழியில்லை. நான் அவருக்குச் சொன்னது: எந்த வழியில் போவதானாலும் இதை முதலில் செய்யுங்கள். இதில்லாமல் எடுக்கிற ஒவ்வொரு முடிவிலும் உங்களுடைய விலையை மற்றவர் நிர்ணயிக்கிறார்.

அரச வேலை

வீட்டுக்காரியின் ஆசை இதுதான், அதற்குக் காரணமும் உண்டு. இரண்டு தடவை எல்லாவற்றையும் விட்டு ஓடிய குடும்பத்துக்கு "நிரந்தரம்" என்ற சொல் வேறு மாதிரிக் கேட்கும். திணைக்களம் ஒன்றில் பயிற்றப்பட்ட தரத்தில் வெற்றிடம் வருமென்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

2025 வரவுசெலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250இலிருந்து 40,000 ஆக உயர்த்தப்பட்டது. 2027 ஜனவரி வரை கட்டம் கட்டமாகக் கிடைக்கும். வாழ்க்கைச் செலவுப் படி 17,800ஐச் சேர்த்தால் 57,800. தரத்தைப் பொறுத்துச் சற்றுக் கூடலாம். சராசரி 71,250 வாங்குகிறவருக்கு இது கீழிறக்கம். அதற்குப் பதிலாகக் கிடைப்பது ஒழுங்கான சம்பள ஏற்றம், லீவு, வங்கிக் கடன், 60 வயது வரை வேலை. 43இல் சேர்ந்தால் 17 வருடச் சேவை. ஓய்வூதியம் பற்றிய நிபந்தனை நியமனக் கடிதத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் மீதியைச் சொல்லலாம்.

சிரேஷ்டத்துவம் அங்கே நியமனத் திகதியிலிருந்து எண்ணப்படும். அவருடைய 28 வருடத் தொழில், முதல் நாளே பூச்சியம். மூன்றாம் தரத்திலிருந்து தொடங்கி, வினைத்திறன் தடைகாண் பரீட்சை எழுதி, இரண்டாம் மொழித் தேர்ச்சியும் காட்டி ஏற வேண்டும். நேற்றுச் சேர்ந்த 24 வயதுக்காரன் இவருக்குச் சிரேஷ்டன். அது நியாயமில்லை என்று சொல்லமாட்டேன். விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கிறது, யாருக்கும் முகம் பார்ப்பதில்லை. 25 வயதில் வந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போகச் சொல்லியிருப்பேன். இந்த வயதில், இல்லாத வெற்றிடத்துக்காகக் கையிலுள்ளதை விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வர்த்தமானியில் அறிவித்தல் வந்தால் வயதெல்லையைப் பார்த்து விண்ணப்பியுங்கள், அதுவரை அதை ஒரு வழியாக எண்ணிக் கணக்குப் போடாதீர்கள் என்றேன். வீட்டுக்காரிக்கு அது பிடிக்கவில்லை. அவருடைய பயத்தை நான் மதிக்கிறேன்.

சொந்தக் கராச், வெளிநாடு இரண்டையும் பற்றிச் சுருக்கமாகவே பேசினோம். சொந்தமாகப் போட்டால் வேலைக்குப் பஞ்சமில்லை, காசுக்குத்தான் பஞ்சம். முரசுமோட்டையிலும் உருத்திரபுரத்திலும் கமக்காரர் பழுதை விதைப்பு நேரத்தில் கொண்டுவருவார்கள், காசை நெல்லு வித்த பிறகு தருவார்கள். இரணைமடுத் தண்ணீர் குறைந்து சிறுபோகம் சுருங்கினால் அந்தக் கடன் அடுத்த போகத்துக்குப் போகும். ஆறு மாதச் செலவைக் கையில் வைத்திருப்பவர் தொடங்கலாம். இவரிடம் இல்லை. கொரிய வேலைக்கு 39 வயதோடு கதவு மூடிவிடும். வளைகுடாவுக்குப் போகலாம், ஆனால் மூத்த மகள் அடுத்த வருடம் சாதாரண தரம்; "அவள் பரீட்சை எழுதேக்க நான் இஞ்ச நிக்கோணும் அக்கா" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி நான் பேசவில்லை.

நாங்கள் எழுதிய பதில்

மேசையில் மிஞ்சியது இரண்டு: இருக்கிற கராச், கம்பனி. கம்பனி சான்றிதழோடு போனால் தெளிவாக நல்லது. சான்றிதழ் இல்லாமல் போனால், 3,750 ரூபாவுக்காக 16 வருடத்து இடத்தையும் இரவில் வீட்டில் படுப்பதையும் கொடுக்கிறார். கராச், கடிதம் இப்போது உள்ளபடி என்றால் நட்டம். கடிதத்தைத் திருத்தினால், சான்றிதழ் வரும் வரை நிற்பதற்கு நல்ல இடம்.

ஆகவே முதலாளிக்கு ஒரு பக்கத்தில் பதில் எழுதினோம். கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. நன்றி சொல்லி, மூன்று விசயம் கேட்டோம். 7,000ஐ அடிப்படையில் சேர்க்க வேண்டும். மேலதிக நேரம் முன்போலத் தொடர வேண்டும். மேற்பார்வையாளர் என்பதற்குப் பதிலாக முதல்தரத் தொழினுட்பவியலாளர் என்று எழுதி, 2010இலிருந்து செய்துவரும் வேலைகளை விபரித்து ஒரு சேவைக் கடிதம் தர வேண்டும். மூன்றாவது செலவில்லாதது, நைற்றா கோப்புக்கு அதுதான் அச்சாணி.

முதலாளிக்கு எவ்வளவு செலவு என்பதையும் கீழே எழுதிவிட்டேன். மறைக்க என்ன இருக்கிறது? 7,000, அதன் 15 வீதம் 1,050, ஆக மாதம் 8,050. அடிப்படை கூடுவதால் ஓவர்டைம் வீதமும் மணிக்கு 281.25இலிருந்து 325 ஆகும். வருடம் 480 மணித்தியாலத்துக்கு 21,000 கூடும். பணிக்கொடைப் பொறுப்பு 56,000 ஏறும். எல்லாவற்றையும் எழுதிவிட்டு, வெட்டு நடக்கும் நாளில் இவர் இல்லாமல் நான்கு மெசின் வயலில் நின்றால் என்ன ஆகும் என்பதை அவரையே யோசிக்கச் சொன்னேன். அந்தக் கணக்கு என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

பத்து நாள் பதில் வரவில்லை. பிறகு முதலாளி கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். அடிப்படையில் 5,000 கூட்டினார். ஓவர்டைம் தொடர்கிறது. மீதி 2,000, சான்றிதழ் கிடைத்த மாதத்திலிருந்து. இதையெல்லாம் இவர் எழுத்தில் கேட்டார், முதலாளி எழுத்தில் கொடுத்தார். பதவிப் பெயரை மாற்ற மட்டும் முதலாளிக்கு மனமில்லை. "சுப்பவைசர் எண்டால்தானே வாற ஆக்களுக்கு விளங்கும்" என்றாராம். இவர் விட்டுக்கொடுத்தார். நானும் விடச் சொன்னேன்.

சேவைக் கடிதம் இரண்டு பக்கம் வந்திருக்கிறது. கோப்பில் இப்போது 31 படங்கள் இருக்கின்றன, பெரும்பாலும் மகள் தொலைபேசியில் எடுத்தவை. மெசினின் அறுவைப் பகுதியைக் கழற்றிப் பூட்டுகிற ஒரு படம் மட்டும் இன்னும் வேண்டும். சிறுபோக வெட்டு தொடங்கியதும் எடுக்கலாம் என்று விட்டிருக்கிறார்கள்.